சாவகச்சேரியிலிருந்து சண்டிலிப்பாய்க்கு: எதுவும் கேட்கக்கூடாத ஒரு ஜெபக் கூட்டம்

சென்ற மாதம் ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார்: "சாவகச்சேரியில் தங்கியிருந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை உள்வீதிகளால் சைக்கிளில் சுற்றிப் பார்க்கலாமா? எவ்வளவு நேரம் பிடிக்கும்?" தாராளமாகப் பார்க்கலாம். எவ்வளவு நேரம் என்ற கேள்விக்குத்தான் என்னிடம் நேரான பதில் இல்லை. அந்த வழி என் மனதில் பதிந்தது 1993 தை மாதத்தில். அன்றைக்குச் சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர் போய்ச்சேர எங்களுக்குக் காலையிலிருந்து பின்னேரம் வரை ஆனது. வழியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் போய்ச்சேர்ந்த இடத்தை விட்டுவிட்டு வழியை மட்டும் சொல்ல எனக்குத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லவேண்டும். சிறுவயதில் அப்பாவும் அம்மாவும் இறந்துபோனபின் என்னை வளர்த்தவர்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும். வீடு தெல்லிப்பளையில். பெரியப்பா மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பொங்கல் முடிந்து வரும் முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் நன்றிக் கூட்டம் நடக்கும். புது நெல், பூசணி, கத்தரி, வெங்காயம் என்று அயலவர்கள் விளைந்ததில் கொஞ்சம் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து ஜெபிப்போம். அதற்குப் பெரியப்பா போட்ட சட்டம் ஒன்றுதான்.

"வருசம் முழுக்க அதைத் தாரும், இதைத் தாரும் எண்டு அவரைப் போட்டு அரிக்கிறம். ஒரு நாளாவது அவர் சந்தோசமா இருக்கட்டும். இண்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் கேக்கப்படாது."

வாய் தவறிக் கேட்டுவிட்டால் தண்டனை உண்டு. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் குடித்த தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவவேண்டும். யாராவது ஜெபத்தின் நடுவில் "ஆண்டவரே, இன்னும் கொஞ்சம்" என்று தொடங்கினால் சிறுவர்கள் நாங்கள் கண்ணை மூடியபடியே "கோப்பை!" என்று கத்துவோம். நன்றி மட்டும் சொல்லி முடிப்பது சுலபம் என்று நினைக்கிறீர்களா? வீட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள். மூன்றாவது வசனத்தில் நாக்கு தானாகவே கேட்கத் தொடங்கிவிடும். ஒரு வருடம் போதகரே சேட்டுக் கையை மடித்துவிட்டு எங்கள் கிணற்றடியில் குந்தியிருந்து கோப்பை கழுவினார்.

1990இல் யுத்தம் மூண்டு தெல்லிப்பளையை விட்டு ஓடவேண்டி வந்தது. நான் அப்போது சாவகச்சேரியில் ரீச்சராக இருந்தேன்; ஊரிலிருந்த எல்லோரும் உடுத்த உடுப்போடு ஓடினார்கள். பெரியம்மா மட்டும் அந்தக் கோப்பைகளைச் சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். "ஷெல்லுக்கு ஓடுற மனுசி கோப்பையோ தூக்குறது?" என்று பெரியப்பா வழியெல்லாம் ஏசினாராம். கடைசியில் சண்டிலிப்பாயில் கந்தையா அண்ணை என்ற புகையிலைத் தோட்டக்காரர் தன் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை அவர்களுக்குக் கொடுத்தார். அங்கிருந்து தெல்லிப்பளை எட்டுக் கிலோமீற்றரும் வராது. ஆனால் இராணுவம் நின்றதால் போக முடியாது.

பெரியப்பா ஜெபிப்பதை விடவில்லை. காலையும் மாலையும் ஜெபித்தார். ஒரே ஜெபம்தான்: வீட்டுக்குக் கொண்டுபோய் விடும். நன்றிக் கூட்டத்தைத்தான் விட்டுவிட்டார். "நெஞ்சிலை இல்லாத நன்றியை வாயாலை சொன்னால் அது நடிப்பு. அவருக்கு முன்னாலை நான் நடிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டாராம். இரண்டு தை மாதங்கள் அப்படியே கழிந்தன. மூன்றாவது தை வந்தபோது, என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் மூலம் பெரியம்மா வாய்ச்செய்தி அனுப்பினார்.

"இந்த முறை கூட்டத்தை நான் வைக்கிறன். மனுசன் வர வரக் கல்லாப் போகுது. சிரிச்சுக் கண்டு ரெண்டு வருசம். ரஞ்சியையும் மருமோனையும் வரச் சொல்லு. அவள் வந்தாலாவது வாய் திறப்பரோ தெரியாது."

ரஞ்சி நான். மருமகன் என் கணவர் நேசன். இணுவில்காரர், சைவக் குடும்பம், கந்தசுவாமி கோயில் வீதியில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி ஒரு வருடம்தான். பெரியப்பாவை அவர் பார்த்தது ஒரேயொரு முறை, அதுவும் பதிவுத் திருமணத்தன்று. ஜெபக் கூட்டம் எதையும் அவர் கண்ணால் கண்டதில்லை.

காலை ஐந்தே முக்காலுக்குச் சாவகச்சேரியிலிருந்து புறப்பட்டோம். வாகனம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோல் என்ற சொல்லே மறந்துபோன காலம். ஓடிய ஓரிரு மினிபஸ்களும் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டுதான் ஓடின. எங்களிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதன் பின்ரயருக்குள் பழைய ரயர்த் துண்டொன்றை வைத்துத் தைத்திருந்தது. நேசன் மிதிக்க நான் சைக்கிளின் முன் பாரில். வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: பாரில் உட்கார்ந்து போகிறவர்கள் பழைய துவாய் ஒன்றை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். காதல் எல்லாம் முதல் ஐந்து கிலோமீற்றருக்குத்தான்.

சாவகச்சேரியிலிருந்து கைதடி எட்டு ஒன்பது கிலோமீற்றர். வழி நேர், நிழலும் உண்டு. சந்தியில் ஒரு தேநீர்க்கடை திறந்திருந்தது. வெறுந்தேநீர்தான், கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"விடியக் காலமை எங்கை தம்பி?"

"சண்டிலிப்பாய்க்கு அண்ணை. ஜெபக் கூட்டம் ஒண்டு."

"அப்ப சீனி வரவேணுமெண்டு நல்லாக் கேளுங்கோ. மண்ணெண்ணெயும்."

"இண்டைக்குக் கேக்கக்கூடாதாம் அண்ணை. நன்றி மட்டும்தானாம்."

கடைக்காரர் கையிலிருந்த தகரப் பேணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேக்கிறதில்லையெண்டால் பேந்தென்னத்துக்குப் பிள்ளை ஜெபம்?"

நான் பனங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு சமாளித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டரை வருடங்களில் நானும் கேட்பதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை.

கைதடியிலிருந்து வலப்பக்கம் திரும்பி, கடல்நீரேரியைக் கடந்து கோப்பாய்க்குப் போகும் வீதிதான் இந்தப் பயணத்தின் அழகான பகுதி. இரண்டு பக்கமும் வெளி. தையில் தண்ணீர் நிறைந்திருக்கும். கொக்கும் நாரையும் ஒற்றைக்காலில் நிற்கும். வாடைக்காற்று ஆளைத் தூக்கும். காற்றுக்குள் நேசன் கத்திக் கத்திக் கேட்டுக்கொண்டே வந்தார். மனிதர் காலையிலிருந்தே பதற்றமாகத்தான் இருந்தார்.

"இஞ்சாரும், அங்கை நான் என்ன செய்யவேணும்? செருப்புக் கழட்டுறதோ? கும்பிடுறதோ? கையை எங்கை வைக்கிறது?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. பேசாமல் நிண்டால் காணும்."

"எப்பிடி நிக்கிறது?"

காற்றில் சேலைத் தலைப்பைப் பிடிப்பதா, இவருக்குப் பதில் சொல்வதா? "ஐயோ, நீங்கள் இணுவில் கோயிலிலை எப்பிடி நிப்பியளோ, அப்பிடியே நில்லுங்கோ. அவ்வளவும் காணும்" என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் பெரிய நிம்மதி. அதற்குப்பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை. வாசகர்கள் இந்த இடத்தை நினைவில் வைத்திருங்கள்.

கோப்பாயைத் தொட்டதும் மண் நிறம் மாறும். செம்பாட்டு மண். வெங்காயமும் மரவள்ளியும் புகையிலைக் கன்றுகளுமாகத் தோட்டங்கள். வழியில் இராணுவ ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. எல்லோரையும் போல நாங்களும் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஒரு புளியமரத்தின் கீழ் போய் நின்றோம். அரை மணித்தியாலம் போனது. பக்கத்தில் நின்ற ஒரு மனிதர் கத்தரிக்காய் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தார். சத்தம் ஓய்ந்ததும் அவரவர் வழியில் போனோம். அப்போதெல்லாம் அது மழைக்கு ஒதுங்குவதுபோலத்தான்.

பத்தரைக்கு இணுவில். மாமி, அதாவது நேசனின் அம்மா, வாசலில் பொங்கல் கோலம் அழியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட வைத்தார். எங்கே போகிறோம் என்று சொன்னதும் உள்ளே போய், கோயிலுக்கென்று பழுக்க வைத்திருந்த கதலி வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாமி, உது முருகனுக்கு வைச்சதெல்லோ?"

"அவருக்கு அடுத்த குலை இருக்குப் பிள்ளை. உங்கடை ஆண்டவருக்கு நன்றி சொல்லுற நாளிலை வெறுங்கையோடை போறதே? அவர் என்ன நினைப்பார்?"

மகன் பொங்கலுக்குக் கட்டிய வேட்டியையும் சால்வையையும் தோய்த்து வைத்திருந்தார். காற்சட்டையோடு போகக்கூடாதென்று அதைக் கட்டவைத்தார். நெற்றியில் திருநீறு பூசினார். நேசன் என்னைப் பார்த்தார், இது சரியோ என்று. நான் தலையாட்டினேன். மாமி பூசியதை அழிக்க நான் யார்? அந்த அம்மாவை எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.

ஒரு மணிக்குப் புறப்பட்டோம். வேட்டியை மடித்துக் கட்டிய கணவர், பாரில் நான், கரியரில் வாழைக்குலை. இணுவிலிலிருந்து மானிப்பாய் மூன்று கிலோமீற்றர், அங்கிருந்து சண்டிலிப்பாய் இன்னும் இரண்டரை. அரை மணித்தியாலத்து வேலை. ஆனால் மானிப்பாயை அடையுமுன் பின்ரயர் "புஸ்" என்றது. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். மானிப்பாயில் ஒட்டுக்கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்தோம். அவர் வந்து ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதிலை ரியூப்பை விட ஒட்டுத்தான் கூட" என்றார். ஒட்டுக்குப் பதினைந்து ரூபா. ஆறு வாழைப்பழம் இனாமாகக் கொடுத்தோம்.

கூட்டம் மூன்று மணிக்கு. விளக்கெரிக்க எண்ணெய் இல்லாததால் இருட்டுமுன் எல்லாம் முடியவேண்டும். நாங்கள் கந்தையா அண்ணை வீட்டுப் படலையைத் திறந்தபோது உள்ளே கீர்த்தனை பாடத் தொடங்கிவிட்டார்கள். நேசனின் கை இரண்டும் சங்கிலி எண்ணெயில் கறுத்துக் கிடந்தன. பெரியம்மா ஓடிவந்து என் கன்னத்தைத் தடவினார். மேசையில் வைக்க வாழைக்குலையை வாங்கிக்கொண்டார். பிறகு எங்கோ ஒளித்து வைத்திருந்த சவர்க்காரத் துண்டைக் கொண்டுவந்து மருமகனிடம் கொடுத்தார். அந்தக் காலத்தில் சவர்க்காரம் கொடுப்பது தங்கம் கொடுப்பது மாதிரி. "கிணத்தடியிலை கையைக் காலைக் கழுவிப்போட்டு வாங்கோ தம்பி" என்றுவிட்டு என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

பின்விறாந்தையில் பாய் விரித்திருந்தது. பத்துப் பேர் இருக்கும். அநேகமானோர் தெல்லிப்பளைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். வீட்டுக்காரர் கந்தையா அண்ணையும் வந்து, ஓரமாக மரியாதையோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் வெள்ளைத் துணி, வேதாகமம், நெற்கதிர், பூசணிக்காய், இப்போது எங்கள் வாழைக்குலை. பெரியப்பா சுவரோரம் கதிரையில் இருந்தார். வெள்ளை லோங்ஸ் காற்சட்டை, முழுக்கைச் சேட்டு, மேல் பொத்தானும் பூட்டியிருந்தது. ஆள் பாதியாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் படலையில் கண்டாலே "ஆர் உது, என்ரை மகாராணியோ?" என்று கத்துகிற மனிதர் அவர்.

பெரியம்மா சட்டத்தைச் சொன்னார். "பழைய வழக்கம்தான். கேக்கக்கூடாது. கேட்டால் கோப்பை."

கிறேஸ் அக்கா முதலில் எழுந்தார். இவரும் எங்கள் தெல்லிப்பளை அயல்தான். "ஆண்டவரே, பெய்த மழைக்கு ஸ்தோத்திரம். பிள்ளையளுக்குக் காய்ச்சல் மாறினதுக்கு ஸ்தோத்திரம். இன்னும் ரெண்டு மழை..." நிறுத்தினார். யாரும் "கோப்பை" என்று கத்தவில்லை. கத்துகிற மனநிலையில் யாரும் இல்லை. பெரியப்பா அசையாமல் இருந்தார். பெரியம்மாவின் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. நினைத்துப் பாருங்கள், அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்க எவ்வளவோ இருந்தது. வீடு, பிள்ளைகள், மருந்து, ஒரு நாள் நித்திரை. அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு நன்றி மட்டும் சொல்வது லேசான காரியமா?

அந்த நேரத்தில்தான் என் கணவர் கிணற்றடியிலிருந்து வந்தார்.

சேட்டு இல்லை. வெறும் மேல். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். முகம் கழுவியதில் போன திருநீற்றுக்குப் பதிலாக வேட்டி மடிப்பிலிருந்த கடதாசிச் சரையிலிருந்து எடுத்து மூன்று குறி பூசியிருந்தார். மேசைக்கு நேரே வந்து, இரண்டு கைகளையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இணுவில் கோயிலில் நிற்பதுபோலவே அச்சொட்டாக நின்றார்.

முழுக்கைச் சேட்டுப் போட்ட சபை திகைத்துப்போனது. எங்கள் வழக்கத்தில் ஜெபத்துக்குச் சேட்டில்லாமல் வருவது நினைத்தும் பார்க்கமுடியாத விஷயம். கிறேஸ் அக்கா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடினார். புத்தகம் குலுங்கியது. எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் போலிருந்தது. கந்தையா அண்ணைக்கு மட்டும் எதுவும் பிழையாகத் தெரியவில்லை. அவர் நேசனைப் பார்த்துவிட்டுத் தானும் சேட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"தம்பி" என்றார் பெரியப்பா. அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். "சேட்டு எங்கை?"

நேசன் கண்ணைத் திறந்தார். "கிணத்தடியிலை கழட்டி வைச்சிட்டன் மாமா. கடவுளுக்கு முன்னாலை எப்பிடிப் போட்டுக்கொண்டு நிக்கிறது?" பிறகுதான் சுற்றிப் பார்த்தார். எல்லோருடைய சேட்டும் தெரிந்தது. மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவதான் சொன்னவ, கோயிலிலை நிக்கிறமாதிரி நிக்கச் சொல்லி..."

பெரியப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம், சரியாத்தான் சொல்லியிருக்கிறாள். அப்பிடியே நில்லும். இப்ப உம்மடை முறை. என்ன சொல்லப்போறீர்?"

"நானோ?" நேசனுக்கு வியர்த்தது. ஆனால் ஓடுகிற ஆளில்லை. மறுபடியும் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இது ரஞ்சியின்ரை வீட்டு ஆக்களின்ரை கூட்டம். நான் புது ஆள். எனக்கு ஒண்டும் வேண்டாம். அந்த ரயர் இருக்கிற நிலைமைக்கு ஏழெட்டுத் தரம் காத்துப் போயிருக்கவேணும். ஒரு தரத்தோடை விட்டதுக்கு நன்றி. சவர்க்காரத்துக்கும் நன்றி. மெய்யாத்தான் சொல்லுறன், ரெண்டு மாதத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் சவர்க்காரம் போட்டனான்."

முதலில் ஒரு செருமல் மாதிரித்தான் கேட்டது. பார்த்தால் பெரியப்பா. கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்ததும் கிறேஸ் அக்கா புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார். விறாந்தை முழுதும் சிரிப்பு. அரைவாசி பொத்தான் கழற்றிய கந்தையா அண்ணையும் சிரித்தார். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெரியப்பாவையே பார்த்தபடி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார்.

சிரிப்பு அடங்க, யாரும் கேட்காமலேயே பெரியப்பா எழுந்து நின்றார். கண்ணை மூடினார். அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"கர்த்தாவே, ரெண்டு வருசம் உம்மட்டை வீட்டை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தன். அது தப்பெண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் நீர் தந்த ஒண்டையும் நான் திரும்பிப் பாக்கேல்லை. கந்தையா ரெண்டு அறை தந்தார். அதுக்கு ஸ்தோத்திரம். இவள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், நான் ஏசினனான். அதுக்கு ஸ்தோத்திரம். என்ரை மகாராணி வந்திருக்கிறாள், ஸ்தோத்திரம். இந்தப் பொடியன் உமக்கு முன்னாலை சேட்டில்லாமல் நிக்கிறான். நான் கழுத்துவரைக்கும் பூட்டிக்கொண்டு இருந்தனான். இவனுக்காக ஸ்தோத்திரம். நீர் இப்ப எங்களோடை சேந்து சிரிச்சிருப்பீர். அது எனக்குத் தெரியும்."

நிறுத்தினார். முடிந்துவிட்டது என்று நாங்கள் "ஆமென்" சொல்ல வாயெடுத்தோம். அவர் முடிக்கவில்லை.

"நாளைக்கு இதுகள் ரெண்டும் எதிர்க்காத்துக்குள்ளாலை போகவேணும். பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆமென்."

பிறகு பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "கேட்டுப்போட்டியள்."

"ஓம்" என்றார் பெரியப்பா. "தெரிஞ்சுதான் கேட்டனான்."

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அவர் முழுக்கைச் சேட்டை மடித்துவிட்டு, கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நேசன் வெறும் மேலோடு ஏற்றம் போன்ற துலாவை இழுத்துத் தண்ணீர் அள்ளிக்கொடுத்தார். கிறேஸ் அக்கா தன் பங்கு தண்டனைக்கென்று போக, "நீர் இரும், நீர் கேட்ட மழை வந்தால் பாப்பம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு பேரும் கோப்பை கழுவுகிற சத்தமும் சிரிப்பும் விறாந்தைக்குக் கேட்டது. கைதடிக் கடைக்காரருக்குச் சொல்லமுடியாமல் போன பதில் அதுதான் என்று எனக்குப் பட்டது. கேட்பதற்காக மட்டும் பேசுகிற பிள்ளைகளை எந்தத் தகப்பன் சகித்துக்கொண்டிருப்பான்? எங்கள் ஆண்டவர் சகித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு பின்னேரமாவது அவருக்குச் சந்தோசம் கொடுத்தோம். அது எங்களிடமே திரும்பி வந்தது.

அடுத்த நாள் காலை ஏழுக்குப் புறப்பட்டு, எதிர்க்காற்றில் நாலரை மணித்தியாலம் மிதித்துச் சாவகச்சேரி வந்தோம். காற்றுப் போகவில்லை. ரயரின் காற்றைச் சொல்கிறேன்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தை மாசி நல்ல காலம். வெயில் குறைவு, நீரேரியில் தண்ணீரும் பறவைகளும் இருக்கும். ஆனால் காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது பக்கத்தில் அடிக்கும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஆகையால் திரும்பும் நாளில் விடியவே கிளம்புங்கள். நீரேரிப் பாலத்தடியில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். இப்போது வீதிகள் நன்றாக இருக்கின்றன. நிற்காமல் மிதித்தால் இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாம் என்கிறார்கள். நிற்காமல் போகாதீர்கள். சைக்கிள் வேண்டாமென்றால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து மானிப்பாய் வழியாகச் சண்டிலிப்பாய்க்கு பஸ் இருக்கிறது. இணுவில் கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்றவேண்டும். தேவாலயத்தில் கழற்றத் தேவையில்லை. துணையோடு போகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். விளக்காமல் விட்டாலும் கெட்டுப்போகாது.

யாராவது உங்களை வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டால், எந்தச் சமயமாக இருந்தாலும் போங்கள். கையில் ஏதாவது கொண்டுபோங்கள். உங்கள் முறை வரும்போது நன்றியில் தொடங்குங்கள். கேட்காமல் முடிக்க முடிகிறதா பாருங்கள். எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை. எங்கள் வீட்டில் அநேகமான தை மாதங்களில் நான்தான் கோப்பை கழுவுகிறேன்.

பெரியப்பா தெல்லிப்பளை வீட்டைத் திரும்பப் பார்க்கவில்லை. 1995இன் நடுப்பகுதியில் சண்டிலிப்பாயிலேயே கண்ணை மூடினார். 1994 கூட்டத்தில் எல்லா நன்றியும் சொல்லிவிட்டுக் கடைசியில், அப்போது என் வயிற்றிலிருந்த பிள்ளைக்காகக் கேட்டார். கேட்டுவிட்டு யாரும் சொல்லுமுன் தட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். 1995 தையில் அவர் படுக்கையில் இருந்தார். கூட்டத்தை அவருடைய கட்டிலைச் சுற்றி வைத்தோம். குரல் மெலிந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு, பெரியம்மாவுக்கு, எனக்கு, மடியிலிருந்த என் மகளுக்கு, வெறும் மேலோடு பக்கத்தில் நின்ற நேசனுக்கு என்று ஒவ்வொன்றாக நன்றி சொன்னார். அவருடைய வழமையான கடைசி வரிக்காக நாங்கள் காத்திருந்தோம். அவர் "ஆமென்" என்று முடித்துவிட்டார்.

பெரியம்மா குனிந்து கேட்டார். "இஞ்சாருங்கோ, இந்த முறை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கிணத்தடிக்கு நடக்க ஏலாதெல்லோ" என்றார் பெரியப்பா. "அவருக்கு இந்த முறை முழுச் சந்தோசம்."